காற்று பட்டால் கெடும் காந்தம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "கல்லூரி நினைவுகள் நிறைய வந்துருச்சு சார், நீங்க சயின்ஸா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் நினைவுக்கு வருவது நம் இயற்பியல் லேபின் மரப்பெட்டிதான். டிஃப்ளெக்‌ஷன் மேக்னடோமீட்டர் சோதனை முடிந்ததும் பார் மேக்னட்டுகளை அதில் வைக்க வேண்டும். நான் எப்போதும் இரண்டையும் ஒரே பக்கமாக அடுக்கிவிடுவேன். லேப் அட்டெண்டர் அண்ணன், "தம்பி, வடக்கும் தெற்குமா மாத்தி வைப்பா, இல்லேன்னா சீக்கிரம் வீக் ஆயிடும்" என்று திட்டுவார். அப்படி மாற்றி வைத்தால் பெட்டிக்கு வெளியே காந்தம் இருப்பதே தெரியாது. ஊசியைக் கிட்டே கொண்டுபோனாலும் லேசாகத்தான் அசையும். இந்தப் பெட்டியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

ஒரே ஒரு அணு அடுக்கில் காந்தம் இருக்க முடியுமா என்ற கேள்விக்கு வயது நூறு ஆகிறது. ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் வில்ஹெல்ம் லென்ஸ் என்ற பேராசிரியர் தம் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்குக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார். ஒரே வரிசையில் நிற்கும் அணுக்களுக்கு ஐசிங் அதைத் தீர்த்து 1925-ல் வெளியிட்டார்: காந்தம் வராது. வரிசைக்கு வராதது வேறெதற்கும் வராது என்று அவர் முடிவு கட்டியதுதான் தவறு. 1944-ல் லார்ஸ் ஆன்சாகர், தளமாக விரிந்த அடுக்கில் ஒழுங்கு வரும் என்று அதே கணக்கைத் தீர்த்துக் காட்டினார். 1966-ல் மெர்மினும் வாக்னரும் இன்னொரு முட்டுக்கட்டையைப் போட்டார்கள். அணுக் காந்தங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சமமாகத் திரும்பலாம் என்றால், துளி வெப்பம் இருந்தாலும் ஒற்றை அடுக்கின் ஒழுங்கு கலைந்துவிடும் என்றார்கள். ஆகவே தேவை, ஒரு திசையை மட்டும் விரும்புகிற படிகம்.

திசைக்குத் திசை காந்த குணம் மாறுவதை, படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அளந்தவர்களில் முக்கியமானவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். அவர் அளந்தவற்றில் அடுக்கடுக்கான கிராஃபைட்டும் உண்டு. ராமன் விளைவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, இந்த வேலையை மறந்துவிடுகிறோம். அது எனக்கு ஒரு மனக்குறை.

அந்தக் கிராஃபைட்டைத்தான் 2004-ல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டும் டேப்பால் உரித்து ஒற்றை அடுக்காக்கினார்கள். அப்புறம் எல்லோரும் டேப்பும் கையுமாக அலைந்தோம். 2017-ல் குரோமியம் ட்ரை அயோடைடு கிடைத்தது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து, ஒற்றை அடுக்கிலும் அது காந்தம்தான் என்று நேச்சர் இதழில் காட்டின. கட்டியாக இருக்கும்போது 61 கெல்வின் வரை காந்தம், ஒற்றை அடுக்கில் 45 கெல்வின் வரை. அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 228 டிகிரி செல்சியஸ். படிகத்தை வளர்த்துக் கொடுத்தது ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம்.

ஒரு சங்கடம், இந்தப் பொருளுக்குக் காற்று ஆகாது. நம் லேப் மேக்னட்டும் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் துரு மேல்தோலிலிருந்து மெதுவாகத்தான் உள்ளே போகும், அதுவரை உள்ளே இரும்பு பத்திரமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் வரும் ஒரு கூறை விடவும் மெல்லிய அடுக்குக்கு உள்ளே என்று ஏது? தோலே உடம்பு! காற்றின் ஈரம் அயோடினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு வெளிச்சமும் துணைபோகிறது என்று காட்டியது. ஒளி பட்டதும் குரோமியத்துக்கும் அயோடினுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது. இருட்டில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மைக்ராஸ்கோப் விளக்கின் கீழ் சில நிமிடங்களிலேயே மேலே நீர்த்துளி மாதிரி கொப்பளிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் ஆர்கான் வாயு நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள் கையை விட்டு உரித்து, மேலும் கீழும் போரான் நைட்ரைடு படலத்தை வைத்து சாண்ட்விச் மாதிரி மூடுகிறோம். உலகத்தின் பாதி ஆய்வுக்கூடங்களுக்கு அந்தப் போரான் நைட்ரைடு ஜப்பானின் சுகுபாவிலிருந்து, வாடானபே, தனிகுச்சி என்ற இருவரிடமிருந்துதான் போகிறது என்று சொன்னால் அதிகம் மிகையில்லை.

இப்போது என் கதை. 2019-ல் என்னிடம் ஆராய்ச்சி செய்த மாணவி ஆறு வாரம் தேடி, அழகான இரட்டை அடுக்குத் துண்டு ஒன்றைப் பிடித்திருந்தாள். அவள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் விருந்தினர்கள் சிலர் வந்தார்கள். பெருமை அடித்துக்கொள்ளும் ஆசையில், இன்னும் மூடாத அந்தத் துண்டை வெளியே எடுத்து, விளக்கை முழு வெளிச்சத்தில் வைத்துக் காட்டினேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்ப வைத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

மூடிக் குளிர்வித்து லேசரால் அளந்தாள். காந்தம் பூஜ்யம். ஓடி வந்து, "சார், வந்துருச்சு! ரெண்டு அடுக்குக்கு ஜீரோதானே வரணும்?" என்றாள். அவள் சொன்னது சரிதான். குரோமியம் ட்ரை அயோடைடின் இரட்டை அடுக்கில் மேலடுக்கு ஒரு பக்கம், கீழடுக்கு எதிர்ப்பக்கம். அட்டெண்டர் அண்ணன் பெட்டியேதான்! 2017 கட்டுரையிலேயே அது உண்டு. கெட்டுப்போன துண்டும் பூஜ்யம்தான் காட்டும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, வெளியிலிருந்து காந்தப் புலத்தைக் கூட்டிப் பார்ப்பது. நல்ல துண்டாக இருந்தால் சுமார் 0.65 டெஸ்லாவில் ஓரடுக்கு சட்டென்று திரும்பி, சிக்னல் குதிக்கும்.

"புலத்தை ஏத்திப் பாரும்மா" என்றேன். அரை டெஸ்லா, முக்கால், ஒன்று, இரண்டு. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "உரிச்சது நான்தான் சார், எங்கேயோ லீக் விட்டுட்டேன் போல" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. சொன்னேன். அவள் கோபப்படவில்லை, "அடுத்த தடவை என்னைக் கூப்பிடுங்க சார், நானே காட்டுறேன்" என்றாள். அது இன்னும் உறைத்தது. அடுத்த துண்டு கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. அது 0.65-க்குப் பக்கத்தில் குதித்தது.

இப்போதைய மாணவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. குரோமியம் சல்ஃபைடு புரோமைடு என்ற பொருள் வந்திருக்கிறது. அதன் காந்த குணங்களை 1990-லேயே அளந்துவிட்டார்கள், உரித்துப் பார்க்கத்தான் முப்பது வருடம் ஆனது. 132 கெல்வின் வரை ஒழுங்கு நிற்கும், அயோடைடு மாதிரி காற்றுக்கு நொந்துபோகாது. அதிலும் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் வடக்கும் தெற்குமாகத்தான் இருக்கின்றன. என் மாணவி இப்போது வேறோர் ஊரில் அதைத்தான் உரித்துக்கொண்டிருக்கிறாள், குளோவ் பாக்ஸ் இல்லாமல், சாதாரண மேஜையில். போன மாதம் போட்டோ அனுப்பியிருந்தாள். மேஜை ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'கேட்காமல் தொடக் கூடாது.'