அரங்கின் சுவரில் அடிமைகளின் பெயர்கள்



கோடை விடுமுறையில் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவுக்குச் செல்வோர் படகேறி அல்பேனியாவின் சரண்டா துறைமுகத்தை அடையலாம். அங்கிருந்து புத்ரிந்த் தொலைவில் இல்லை. அவ்விடிபாடுகளின் நடுவே கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கிரேக்க நாடக அரங்கு உள்ளது. 1928இல் தொடங்கிய அகழ்வில் இத்தாலியரான உகொலீனி அதை வெளிக்கொணர்ந்தார். நிலத்தடி நீர் ஊறி அரங்கின் தரையில் தேங்கும். பலரும் அந்நீரையும் கற்படிகளையும் படம் பிடித்துவிட்டு நகர்கின்றனர்.

நீங்கள் நுழைவழிச் சுவரருகே சற்று நில்லுங்கள். நெருக்கமாகப் பொறித்த சிறிய கிரேக்க எழுத்துகள் தெரியும். அவை அடிமைகளுக்கு விடுதலை அளித்த ஆவணங்கள். விடுவித்தோரின் பெயர்களும் விடுதலை பெற்றோரின் பெயர்களும் அவற்றில் உள்ளன. விடுவித்தோருள் பெண்களும் உண்டு. அருகிலேயே மருத்துவத் தெய்வமான அஸ்கிலேப்பியுவின் திருத்தலம் இருந்தது.

நாடக அரங்கில் ஏன் இதைப் பொறித்தனர்? ஊர் கூடும் இடம் அது. வாய்மொழி விடுதலையை நாளை உரிமையாளரின் வாரிசு மறுத்துவிடலாம். ஊரறிய நிற்கும் கல்லை மறுப்பது கடினம். வதிவிட அனுமதித் தாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாய்வெயில் நேரத்தில் செல்லுங்கள். எழுத்துகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். கல்லைத் தொடாதீர்கள்.