சுரங்கச் சர்தாரின் சான்றிதழ்

தன்பாத்தில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் ஏதேனும் ஒரு வகையில் நிலக்கரியால் பிழைப்பவரே. அடியேனுடைய தொழிலும் அக்கரியை ஏற்றிச் செல்லும் வேகன்களுக்குக் கணக்கெழுதுவதுதான். ஆயினும், பூமிக்குள் இறங்கிக் கரி வெட்டுவோரின் உயிருக்குப் பொறுப்பேற்கத் தகுதியுடையார் எவர், அத்தகுதியை அளந்து சொல்வோர் எவர் என்னும் வரலாற்றை நம் காலனியில் அறிந்தோர் சிலரேயாவர்.

இராணிகஞ்சுப் பகுதியில் 1774-ஆம் ஆண்டிலேயே கரி தோண்டத் தொடங்கினர். அதன்பின் நூறாண்டுக்கு மேலாகச் சுரங்கம் நடத்த எந்தத் தேர்வும் வேண்டியிருக்கவில்லை. பணம் உடையவர் முதலாளி. ஆள் சேர்க்கத் தெரிந்தவர் மேற்பார்வையாளர். இங்கிலாந்திலோ, தேர்வில் தேறிச் சான்றிதழ் பெற்றவரே நிலக்கரிச் சுரங்கத்தின் மேலாளராகலாம் என்று 1872-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்துவிட்டது. ஆண்டவர் ஒருவரே, நீதி மட்டும் இரண்டு!

1897-ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தில் நேர்ந்த விபத்தில் 52 பேர் மாண்டனர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் பல்லாயிரவர் சென்று உழைத்த வயல் அது. அச்சாவுகளும் சட்டத்தை விரைவுபடுத்தின. 1901-இல் முதற் சுரங்கச் சட்டம் பிறந்தது. 1902 சனவரி 7-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு அலுவலகம் 1908-இல் நம் தன்பாத்துக்கே பெயர்ந்து வந்தது. 1926-இல் இந்தியச் சுரங்கப் பள்ளியும் இவ்வூரில் திறக்கப்பட்டது. காலப்போக்கில் மேலாளர், ஓவர்மேன், சர்தார் என ஒவ்வொரு படிக்கும் தனித்தனிச் சான்றிதழ் ஏற்பட்டது.

இவற்றுள் சர்தாரின் சான்றிதழையே அடியேன் பெரிதாக மதிக்கிறேன். சர்தார் அதிகாரியல்லர், தொழிலாளருள் ஒருவராயிருந்து உயர்ந்தவர். 1957-ஆம் ஆண்டு விதிகளின்படி அவருக்குரிய தேர்வு வாய்மொழியாகவே நடந்தது. முதலுதவியிலும் வாயுச் சோதனையிலும் தேறியிருத்தல் வேண்டும். ஆட்கள் வேலையில் இறங்குமுன் அவர் தம் பகுதியைச் சுற்றி வருவார். தடியால் கூரையைத் தட்டுவார்; கணீரென்று ஒலித்தால் பாறை உறுதி; பொத்தென்று ஒலித்தால் பிளவு உண்டு. பிறகு பாதுகாப்பு விளக்கின் திரியைத் தாழ்த்திச் சுடரை உற்று நோக்குவார். காற்றில் மீத்தேன் கலந்திருப்பின், சுடரின்மேல் வெளிறிய நீலத் தொப்பி ஒன்று தோன்றும். தொப்பி உயர உயர வாயுவும் மிகுதி என்று பொருள். நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை சேர்ந்தால் ஒரு பொறியே போதும், வெடித்துவிடும். சுடர் மங்கி அணைந்தால் மூச்சுக்குரிய காற்றே குறைவு என்று அறிய வேண்டும். அபாயம் கண்டால் ஆட்களை வெளியேற்றி வழியை அடைப்பது அவருடைய கடமை. உற்பத்தி குறையுமே என்று காத்திருக்கலாகாது. மெட்ரிகுலேஷன் சான்றிதழை ஒருமுறை காட்டி வேலை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைத்தவன் அடியேன். சர்தாரோ தம் சான்றிதழை நாள்தோறும் அந்தக் கூரையின்கீழ் மெய்ப்பித்தாக வேண்டும்.

நிற்க. மேலோர்க்குச் சான்றிதழ் உண்டு. நேற்று ஊரிலிருந்து வந்து கூடை தூக்கியவருக்கு? 1965 மே 28-இல் டோரிச் சுரங்க வெடிப்பில் 268 பேர் மடிந்தனர். அடுத்த ஆண்டு வந்த தொழிற்பயிற்சி விதிகள், புதிதாகச் சேர்பவருக்குப் பயிற்சி அளித்த பின்னரே வேலையில் இறக்க வேண்டுமென்று கட்டளையிட்டன.

அப்பாலும் துயரம் ஓயவில்லை. நமக்கு அண்மையிலுள்ள சாஸ்நாலாவில் 1975 திசம்பர் 27-இல், பழைய குழியில் தேங்கியிருந்த நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 375 பேரை விழுங்கியது. மறைந்து நிற்கும் நீரை விளக்குச் சுடர் காட்டாது. தடியின் ஓசையும் சொல்லாது. பழைய குழிகளின் வரைபடத்தைச் சரிபார்த்து, இடையே விட்ட கரிச்சுவரின் தடிப்பைக் கணித்தறிய வேண்டும். அது சர்தாரின் கைக்கு எட்டிய வேலையன்று. அளவையாளரும் மேலாளரும் செய்ய வேண்டியது. அவர்களும் சான்றிதழ் பெற்றவரே. அவ்விபத்துக்காகத் தன்பாத் நீதிமன்றம் முன்னாள் அதிகாரிகள் இருவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2012-ஆம் ஆண்டில். அதாவது 36 ஆண்டுகள் கழிந்த பின்னர்.