ஒட்டவைத்த கைதட்டல்

1956 ஜூலை 7 இரவு, அமெரிக்காவில் ரோட் ஐலண்டைச் சேர்ந்த நியூபோர்ட்டில் நடந்த ஜாஸ் விழாவில் டியூக் எலிங்டனின் குழு வாசித்தது. அவருக்கு அப்போது வயது 57. யுத்தத்துக்குப் பின் பெரிய வாத்தியக் குழுக்கள் பல கலைந்துபோயிருந்தன. எலிங்டனின் காலமும் முடிந்துவிட்டதென்றே பலர் தீர்மானித்திருந்தனர்.

நள்ளிரவை ஒட்டி, 1937இல் தாம் எழுதிய 'டிமினுவெண்டோ அண்ட் கிரெஸண்டோ இன் ப்ளூ'வை எடுத்துக்கொண்டார். அதன் இரு பகுதிகளுக்கும் இடையே டெனர் சாக்ஸஃபோனுடன் எழுந்தவர் பால் கொன்சால்வஸ். 12 பார் கொண்ட ப்ளூஸ் சுற்றை ஓயாமல் 27 முறை வாசித்தார். ஆக 324 பார்கள். மேடையோரத்திலிருந்து ஜோ ஜோன்ஸ் சுருட்டிய செய்தித்தாளால் தாளம் தட்டினார். ஒரு பெண் எழுந்து ஆடினாள். கூட்டம் நாற்காலிகளை விட்டு எழுந்தது. கலவரமாகிவிடுமோ என்று பயந்த அமைப்பாளர் ஜார்ஜ் வைன் நிறுத்தும்படி சைகை காட்டினார். எலிங்டன் நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 20 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம் இருந்தது.

இதன் மறுபக்கம் வேறு. கொன்சால்வஸ் வாசித்தது கொலம்பியா கம்பெனியின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மைக்கில். எனவே அன்றைய இசைத்தட்டில் அவர் எங்கோ தூரத்தில் கேட்கிறார். கச்சேரியின் சில பகுதிகளை ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கவைத்து, கைதட்டலை ஒட்டிச் சேர்த்தது கம்பெனி. வானொலியின் நாடாவையும் கம்பெனியின் நாடாவையும் இணைத்த முழுப் பதிப்பு 1999இல்தான் வந்தது.

நான் முதலில் கேட்டுப் பரவசப்பட்டது பழைய பதிப்பை. உண்மை தெரிந்தபோது ஏமாற்றப்பட்டதாகவே உணர்ந்தேன். கைதட்டலைச் சந்தேகிக்கப் பழகியவர்கள் நாம். எனக்கு அது வசதியான கோபமாகவும் இருந்தது.

புதிய பதிப்பு அந்தக் கோபத்தைக் கலைத்துவிட்டது. கொன்சால்வஸின் வாசிப்பைத் தனியே பிரித்தெடுத்தால் அதில் பெரிய கற்பனை என்று எதையும் சுட்டிக்காட்ட என்னால் முடியவில்லை. ஆனால் சுற்றுக்குச் சுற்று இரைச்சல் ஏறுகிறது. அது ஏற ஏற வாசிப்பும் பிடிவாதம் கொள்கிறது. ஒட்டவைத்த கைதட்டல் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும். இந்த இரைச்சலோ இந்த 27 சுற்றுகளுக்கு மட்டுமே உரியது. இதை நீக்கிவிட்டு அந்த இசையை மதிப்பிட முடியாது.

கூட்டத்தைக் கணக்கில் எடுக்காத விமர்சனமே தூய்மையானது என்று நம்பிவந்தவன் நான். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.