முதல் பக்கத்தில் ரசிகன்: இங்கிலாந்துக் கால்பந்தும் நாளிதழ்களும்

டேப்லாய்டு எனப்படும் சிறுவடிவ, பெருவிற்பனை நாளிதழ்கள் இங்கிலாந்தின் கால்பந்து ரசிகனை இருவேறு கோலங்களில் வரைந்து வந்தன. உள்ளூர் ஆட்டங்களில் அவன் சமூகத்தின் கழிசடை. அயல்நாட்டு அணி எதிரே வந்து நின்றாலோ அவனே நாட்டின் படைவீரன். முரணாகத் தோன்றும் இவ்விரு சித்திரங்களும் ஒரே வார்ப்பில் உருவானவை. இரண்டிலும் அவன் தனக்கென முகமற்றவனாக, கும்பலாக மட்டுமே இயங்குபவனாகக் காட்டப்படுகிறான்.

'ஹூலிகன்' என்ற சொல் 1898ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் இதழ்கள் வழியே பரவியபோது தெருச்சண்டை இளைஞர்களையே குறித்தது. 1960களில் அது கால்பந்து மைதானத்தோடு ஒட்டிக்கொண்டது. 1966இல் உலகக் கோப்பையை நடத்தவிருந்த நாடு தன் நற்பெயரைக் குறித்துக் கவலைப்பட்டதும் அதற்கு ஒரு காரணம். 1974இல் 'டெய்லி மிரர்' ரசிகர்களின் வன்முறையைக் கொண்டு அணிகளை வரிசைப்படுத்தி, புள்ளிப் பட்டியலைப் போல வெளியிட்டது. ஒரு குழுவைச் சமூகத்துக்கே அச்சுறுத்தலாகப் பெரிதுபடுத்திக் காட்டும்போது எழும் பொது அச்சத்தைச் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் தம் 1972ஆம் ஆண்டு நூலில் 'ஒழுக்கப் பீதி' என்று விளக்கியிருந்தார். அந்தப் பட்டியல் அதற்குப் பொருத்தமான சான்று.

வன்முறை நாளிதழ்களின் கற்பனை அன்று. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்செல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்கியதில் நெரிசல் ஏற்பட்டு, சுவர் இடிந்து, பெரும்பாலும் இத்தாலியரான 39 பேர் மாண்டனர். ஆனால் அதே மாதம் 11ஆம் தேதி பிராட்ஃபோர்டில் மரத்தாலான பழைய பார்வையாளர் மாடம் தீப்பற்றி 56 பேர் இறந்ததற்கு எந்த ரசிகர் வன்முறையும் காரணமில்லை. அதன் பிறகும் டேப்லாய்டு அல்லாத 'சண்டே டைம்ஸ்' இதழின் தலையங்கம் ஆட்டத்தையும் மைதானத்தையும் பார்க்க வருவோரையும் சேர்த்துச் சேரித்தனமானவை என்று இகழ்ந்தது. டேப்லாய்டுகளை மட்டும் குறைகூறுவது எவ்வளவு வசதியானது என்பதை அத்தலையங்கம் உணர்த்துகிறது.

இந்த மனப்பான்மைக்கு விலை கொடுத்த இடம் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15 அன்று, வெளியே திரண்ட நெரிசலைத் தணிக்கக் காவல்துறை ஒரு வாயிலைத் திறந்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பகுதிக்கு இட்டுச் செல்லும் சுரங்கவழியை அடைக்கத் தவறியது. ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கிவிடக் கூடாதென்று நிறுத்திய கம்பிவேலியில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் நசுங்கி இறந்தனர். நான்கு நாள் கழித்து 'தி சன்' தன் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, அதன்கீழ் மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கியது: ரசிகர்கள் இறந்தோரின் பைகளில் திருடினர், காவலர்மீது சிறுநீர் கழித்தனர், உயிர்காக்க முயன்ற காவலரை அடித்தனர். காவல்துறையினரும் உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரும் சொன்னவை ஒரு செய்தி முகமை வழியாக வந்து சேர்ந்தவையே அவை. ரசிகன் இப்படித்தான் என்ற எண்ணம் முன்பே வேரூன்றியிராவிட்டால் அவற்றைச் சரிபார்க்கும் எண்ணம் எவருக்கேனும் எழுந்திருக்கும். இத்துயரத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இடைக்கால அறிக்கை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தவறே முதன்மைக் காரணம் என்று கூறியிருந்தும், ரசிகர்கள்மீது பழியில்லை என்று இறப்பு விசாரணை நடுவர் குழு தீர்ப்பளிக்க 2016 ஏப்ரல் வரை ஆயிற்று. லிவர்பூல் அடங்கிய மெர்சிசைடு வட்டாரத்தில் 'தி சன்' நாளிதழை வாங்க மறுப்போர் இன்றும் பலர்.

ஸ்காட்லாந்தின் கதை வேறு. 1977இல் வெம்பிளி மைதானத்துக்குள் புகுந்து கோல்கம்பத்தை உடைத்த அந்நாட்டு ரசிகர்கள், 1980களிலிருந்து கில்ட் என்ற மரபுடை அணிந்த குதூகலக் கூட்டமாகத் தம்மை மாற்றிக்கொண்டனர். இங்கிலாந்துக்காரரைப் போன்றவர்களல்லர் என்பதே அதன் உட்பொருள், ஸ்காட்லாந்து நாளிதழ்களும் அதை மகிழ்ந்து வளர்த்தன. 1980 ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் அணிகளின் ரசிகர்கள் களத்திலேயே மோதிக்கொண்டதால் அந்நாட்டு மைதானங்களில் மது தடைசெய்யப்பட்டது என்பது அச்சித்திரத்துக்குள் இடம்பெறவில்லை.

இங்கிலாந்திலோ படைவீரன் என்ற மறு சித்திரம் காத்திருந்தது. 1996 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனியுடனான அரையிறுதிக்கு இரு நாள் முன், ஜூன் 24 அன்று, 'டெய்லி மிரர்' ஸ்டூவர்ட் பியர்ஸ், பால் கேஸ்காய்ன் ஆகிய ஆட்டக்காரர்களுக்குப் போர்க்கால இரும்புத் தொப்பி மாட்டிய படத்தோடு, ஜெர்மானியரைச் சரணடையச் சொல்லித் தலைப்பிட்டது. உலகப்போர் முடிந்து அரை நூற்றாண்டு கடந்திருந்தது. அத்தலைப்பைப் படித்தவர்களில் பெரும்பாலோர் போரைத் திரைப்படங்களில் மட்டுமே கண்டவர்கள். 1966இல் பிரிட்டன் கொடி அசைந்த அதே வெம்பிளியில் இம்முறை இங்கிலாந்தின் புனித ஜார்ஜ் சிலுவைக் கொடியே நிறைந்திருந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றிலிருந்து தனித்த ஆங்கில அடையாளம் தன்னை வரையறுத்துக்கொள்ள முயன்ற வேளையில், கைக்கெட்டியதாக நாளிதழ்கள் கண்டது பழைய போர் ஒன்றே. பெனால்டியில் இங்கிலாந்து தோற்ற இரவில் லண்டனின் டிராஃபல்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. பிரைட்டனில் ஜெர்மானியன் என்று எண்ணப்பட்ட ரஷ்ய மாணவன் ஒருவன் கத்தியால் குத்தப்பட்டான். மறுநாள் ரசிகர்களைக் கண்டித்தவை அதே நாளிதழ்கள்தான்.

ஜெர்மானியரைப் பற்றிய அத்தகைய தலைப்புகள் குறித்துப் பத்திரிகைப் புகார் ஆணையத்துக்கு நூற்றுக்கணக்கான முறையீடுகள் சென்றன. பாகுபாட்டைத் தடுக்கும் விதி தனிமனிதர்களுக்கே பொருந்தும், ஒரு நாட்டினர் முழுவதற்கும் பொருந்தாது என்று கூறி ஆணையம் அவற்றை ஏற்கவில்லை.