இயற்றியவர் பெயர்

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளையும் ஊர் அடம்பன். சில மைல் தொலைவில் பாடல் பெற்ற தலமான திருக்கேதீச்சரம். சுற்றிலும் தேவாலய முன்றல்களில் விடியவிடியக் கூத்து ஆடும் கத்தோலிக்கக் கிராமங்கள். 1982இல் அங்கே நான் ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது, சங்கீதம் கற்பிக்க ஓர் ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தார். கையில் ஒரு சுருதிப்பெட்டி, தோளில் ஒரு துணிப்பை. அவற்றைத் தவிர அவர் வேறு எதுவும் கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை.

அவருடைய வகுப்பில் ஒரு விதி இருந்தது. எந்தப் பாட்டையும் பாடத் தொடங்குமுன் கொப்பியில் மூன்று வரிகள் எழுத வேண்டும்: இராகம், தாளம், இயற்றியவர். மூன்றாவது வரியை விட்டவர் அன்று பாட முடியாது, கேட்டுக்கொண்டுதான் இருக்கலாம். "பாடினவரை றேடியோ சொல்லும். பாட்டைச் செய்தவரை நீங்கள்தான் சொல்ல வேணும்" என்பார்.

மன்னாரில் அக்காலத்தில் தமிழகத்து வானொலி எங்கள் வீட்டு முற்றத்திலேயே பேசுவது போலக் கேட்கும். ரி. எம். சௌந்தரராஜன் பாடிய 'கற்பகவல்லி' பாடலை அதில் கேட்டுக் கேட்டே மனனம் செய்திருந்தோம். ஒருநாள் அதையே கற்றுத் தாருங்கள் என்று கேட்டோம். "இயற்றியவர் யார்?" என்றார் ஆசிரியர். சௌந்தரராஜன் என்றான் ஒருவன். மயிலாப்பூர்ப் புலவர் யாராவது இருக்கும் என்றேன் நான். அவர் சிறிது நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கரும்பலகையில் எழுதினார்: ந. வீரமணி ஐயர், இணுவில். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் எனக்குப் படிப்பித்தவர்" என்றார்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. கடலுக்கு அப்பால் எங்கோ பிறந்தது என்று நாங்கள் நம்பியிருந்த பாட்டு, பஸ் ஏறிப் போகக்கூடிய ஓர் ஊரில் வாழும் மனிதருடையது. அது மட்டுமன்று, அவருடைய மாணவர் எங்கள் முன்னால் வெண்கட்டித் தூளோடு நின்றுகொண்டிருந்தார்.

வீரமணி ஐயர் 1931இல் இணுவிலில் பிறந்தவர். சென்னை சென்று கலாசேத்திராவில் ருக்மிணிதேவி அருண்டேலிடம் நடனமும், பாபநாசம் சிவனிடம் இசையும் பயின்றவர். ஊர் திரும்பி ஆசிரியப் பணியில் அமர்ந்தார்; எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் உருப்படிகள் செய்தார். இவ்வளவு செய்தவரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள்? அவர் பாட்டை அறியாதவரோ அங்கே குறைவு.

மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீதான அந்தப் பாடல் ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என இராகம் மாறும்போதெல்லாம் அந்த இராகத்தின் பெயரே அம்பிகையை அழைக்கும் பெயராக வரிக்குள் வந்து அமரும். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் இவ்வாறு இராகப் பெயர் பொதிந்து வருவதை ஆசிரியர் எடுத்துக்காட்டினார். தீட்சிதர் தமக்கும் 'குருகுக' என்றொரு முத்திரை வைத்துக்கொண்டார். தியாகராஜர் தம் பெயரையே வைத்தார். வீரமணி ஐயரோ இந்தப் பாட்டில் நான்கு இராகங்களின் பெயர்களையும் வைத்தார், தம் பெயரை மட்டும் வைக்கவில்லை. "அதனால்தான் மூன்றாவது வரி" என்றார் ஆசிரியர். அவருடைய விதியின் காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

எங்கள் வகுப்பில் பெரும்பாலானோர் கத்தோலிக்கப் பிள்ளைகள். அவர்கள் கற்பகாம்பாளைப் பாடினார்கள். எவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியரும் தம் பங்குக்கு இரவில் கூத்துப் பார்க்கப் போனார். மாதோட்டப் பாங்குக்கும் யாழ்ப்பாணப் பாங்குக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஊர் அண்ணாவியார் ஒருவரிடம் ஒரு மாணவனைப் போல இருந்து கேட்டறிந்தார். மறுநாள் வகுப்பில் அந்தக் கூத்துப் பாட்டுக்கும் மூன்று வரிகள் எழுத வைத்தார்.

நான் பாடகனாகவில்லை. பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்றுப் பத்திரிகைக்கு வந்தேன். உதவி ஆசிரியனாக இருந்த தொடக்க நாள்களில், தபாலில் வந்த ஒரு நல்ல கட்டுரையை எழுதியவரின் பெயர் இல்லாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இடம் போதவில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். வெளியூர் ஆசிரியை ஒருவர் எழுதியது அது. "என் பெயர் அவ்வளவு இடத்தையா பிடிக்கும்?" என்று ஒரு தபாலட்டை வந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே கற்ற பாடத்தில் நான் தவறியிருந்தேன். அதன்பின் என் மேசையைக் கடந்த எந்த ஆக்கமும் பெயரின்றிப் போனதில்லை.

வீரமணி ஐயருக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1999இல் கௌரவ முதுமாணிப் பட்டம் வழங்கியது. 2003 ஒக்ரோபரில் அவர் மறைந்தார்.

2008 மே மாதம் அடம்பன் இராணுவத்தின் வசமானது. அதற்கு முன்னரே சனங்கள் வன்னிக்குள் இடம்பெயர்ந்துவிட்டார்கள். மீண்டு வந்தவர்களிடம் பாடசாலைக் கொப்பிகள் எங்கே இருக்கப்போகின்றன? போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஊருக்குப் போனபோது, என்னோடு படித்த ஒரு தோழியைக் கண்டேன். அவர் இழந்தவற்றை இங்கு எழுதுவது முறையன்று. நெடுநேரம் பேசியபின், அந்தப் பாட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அவர் உடனே பாடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். இராகம், தாளம் சொன்னார். "இயற்றியவர், இணுவில் வீரமணி ஐயர்" என்றார். அதன் பிறகுதான் தொடங்கினார்.

அந்தச் செய்தியை ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொன்னேன். முதுமையில் தளர்ந்திருந்தார், கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். "எழுதும். ஆனால் என்ர பேர் வேண்டாம். ஐயாவின்ர பேரைப் பிழையில்லாமல் எழுதும்" என்றார்.

வாழ்நாள் முழுவதும் பெயரை எழுது என்று சொன்னவர், தம் பெயரை மட்டும் எழுதவிடாமல் செய்துவிட்டார். அவர் சொல்லை இதுவரை நான் மீறியதில்லை, இதிலும் மீறவில்லை. அந்தப் பாடலை இனி எங்கே கேட்டாலும், பக்கத்தில் இருப்பவரிடம் அந்த மூன்றாவது வரியைச் சொல்லுங்கள்: இயற்றியவர், ந. வீரமணி ஐயர், இணுவில்.