கப்பல் பட்டறையும் இதயக் கட்டியும்

எக்கோ எடுக்கிறப்ப திரையில் வால்வு திறந்து மூடுறதைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கருவியோட பூர்வீகம் கப்பல் பட்டறைன்னு படிச்சதும் அசந்துட்டேன்.

இதயத்தின் இடது மேலறையில் மிக்சோமா என்று ஒரு கட்டி வரும். காம்பில் தொங்கி மைட்ரல் வால்வை அடைக்கும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டால் சுருங்கிப்போன வால்வு மாதிரியே இருக்கும். அதனால் 1950 வரை பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவரும். பாவம், அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?

ஸ்வீடனில் லுண்ட் நகர மருத்துவர் எட்லர், வால்வை அறுக்காமலே பார்க்க வழி தேடினார். இயற்பியலாளர் ஹெர்ட்ஸ், மால்மோ கப்பல் பட்டறையில் உலோக விரிசல் தேடும் மீயொலிக் கருவியைத் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். அப்புறம் சீமென்ஸிடம் ஒரு கருவியை இரவல் வாங்கி, 1953 அக்டோபர் 29-ல் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள்.

1959-ல் ஜெர்மனியில் எஃபெர்ட்டும் டோமானிக்கும் இதே முறையில் மேலறைக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். கத்தியில்லை, கதிர்வீச்சில்லை!

வால்வின் மேலேயே முளைக்கிற ஃபைப்ரோஎலாஸ்டோமா இன்னும் பொடிசு. பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர்தான். தண்ணியில் போட்டால் குஞ்சம் மாதிரி விரியும். புற்றுநோய் இல்லை. ஆனா துணுக்கு உடைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். உணவுக்குழாய் வழியா எடுக்கிற எக்கோ வந்தபிறகு, இதையும் முன்கூட்டியே பார்த்து எடுத்துடலாம்.

சாதுவான கட்டிதான் மக்களே. கண்ணில் படாம இருக்கிற வரைக்கும்தான் அது எமன்.