கறுப்புத் தண்ணீரும் 1955ஆம் ஆண்டும்

இலங்கையின் கைத்தொழில் வரலாற்றை எழுதுவோர் காங்கேசன்துறைச் சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி என்று மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். சுதந்திரத்தின் பின்னர் கைத்தொழில் அமைச்சராகவிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஆலைகள் அவை. அவற்றின் அரசியல் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது; இரசாயனம் பற்றி எழுதப்பட்டது சொற்பம். பத்திரிகைக்கு வேலைநிறுத்தம் செய்தி, உற்பத்தித் தொன் கணக்கும் செய்தி. கழிவு வாய்க்காலில் நடப்பது செய்தியாவதில்லை. நான் இங்கு எழுதப் புகுவது அந்த வாய்க்காலைப் பற்றி.

1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் எழுந்த ஆலைக்கு மூலப்பொருள் கிழக்கின் வயல்களில் மலிந்து கிடந்த வைக்கோல். வைக்கோலில் கடதாசிக்கு வேண்டியது நார் மட்டுமே. நாரை நாரோடு ஒட்டிப் பிடித்திருக்கும் இலிக்னின் என்ற பொருளை எரிசோடாவில் அவித்துக் கரைத்து அகற்றியாக வேண்டும். கரைந்து வடிவதுதான் ஆலைக்காரர் கறுப்பு நீர் என்பது. மரக்கூழ் ஆலைகள் அந்நீரைச் சுண்டக் காய்ச்சி, உலையில் எரித்து, சோடாவை மீட்டெடுத்துக்கொள்ளும். வைக்கோலில் சிலிக்கா மிகுதி. அது காய்ச்சும் குழாய்களில் கல்லாய்ப் படிந்து அந்த வழியை அடைத்துவிடும். ஆகவே வைக்கோலை அவித்த நாடுகளிலெல்லாம் கறுப்பு நீர் அருகிலிருந்த ஆற்றையோ ஏரியையோ தேடிப் போயிற்று. வாழைச்சேனையில் அது போய்ச் சேர்ந்தது, மதுறு ஓயா வந்து கலக்கின்ற, மீனுக்கும் இறாலுக்கும் பெயர்போன களப்பிலே.

களப்பில் விழுந்த இலிக்னின் என்னவாகிறது? இலிக்னின் என்பது ஆறு கரியணுக்கள் கைகோத்து நிற்கும் வளையங்களால் ஆன பெரும் பின்னல். பின்னல் குலைந்து தனி வளையங்களானதும் பற்றீரியாக்கள் அவற்றைக் கற்றெக்கோல் முதலிய சில எளிய வடிவங்களுக்குக் கொண்டுவருகின்றன. அதன்பின் வளையத்தை உடைக்க வேண்டும். இலேசில் உடையாத வளையம் அது. அதை உயிர்கள் எவ்வாறு உடைக்கின்றன என்பது, வாழைச்சேனை ஆலை எழுந்துகொண்டிருந்த அதே 1955ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரியவந்தது.

அதுவரை அறிவுலகில் கோலோச்சியது ஜெர்மனியரான ஹைன்றிச் வீலன்டின் கருத்து. உயிருள்ள பொருள் ஒட்சியேற்றப்படுகையில் அதிலிருந்து ஐதரசன் கழற்றப்படுகிறது. சுவாசித்த ஒட்சிசன் அந்த ஐதரசனை ஏற்று நீராவதோடு சரி. விளைபொருளில் புதிதாக ஒட்சிசன் காணப்பட்டால் அது நீரிலிருந்து வந்தது என்பது அக்கொள்கை. 1927ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ஒருவரின் வார்த்தை. எதிர்த்துப் பேச எவர் துணிவார்?

துணிந்தவர் ஒசாமு ஹயாஷி என்னும் ஜப்பானியர். 1920இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிற் பிறந்தவர், ஒசாகாவில் மருத்துவம் கற்றவர், போர்க்காலத்திற் கடற்படை மருத்துவர். போரில் தோற்ற ஜப்பானின் ஆய்வுகூடத்தில் பணமுமில்லை, பொருளுமில்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் கொடுத்த ஒரு புட்டி திரிப்தோபானை மண்ணோடு கலந்து, அதைத் தின்று வளர்ந்த பற்றீரியாக்களை ஆராய்ந்தார். இல்லாமைக்குள் இருந்து வேலை செய்த எவருக்கும் இந்தக் கதை விளங்கும். கற்றெக்கோல் வளையத்தைப் பிளக்கும் நொதியம் அவருக்கு அங்கே கிடைத்தது. அந்த நொதியம் வீலன்டின் விதிக்கு அடங்கவில்லை. ஐதரசனை ஏற்கக்கூடிய வேறெதைக் கொடுத்தாலும் அது அசையவில்லை, ஒட்சிசனையே கேட்டது.

பின்னர் அமெரிக்கா சென்ற ஹயாஷி, எடை கூடிய ஒட்சிசன் 18 என்ற சமதானியைக் கொண்டு 1955இல் வழக்கைத் தீர்த்தார். குடுவையில் சாதாரண நீர், மேலே எடை கூடிய ஒட்சிசன் வாயு; அடுத்து அதையே மாற்றி, எடை கூடிய ஒட்சிசனைக் கொண்ட நீர், சாதாரண வாயு. விளைந்த மியூக்கோனிக் அமிலத்தில் புதிதாக ஏறியிருந்த ஒட்சிசன் அணுக்கள் இரண்டும் வாயுவிலிருந்தே வந்திருந்தன. அதே ஆண்டில் ஓரிகனில் ஹவார்ட் மேசனும் அவருடைய குழுவினரும் காளானின் நொதியமொன்றில் இதற்கொரு மாற்று வடிவைக் கண்டனர். அங்கே ஒரு ஒட்சிசன் அணு மட்டும் பொருளில் ஏறுகிறது, மற்றது நீராகிறது. இரட்டை அணு ஏற்றுபவை, ஒற்றை அணு ஏற்றுபவை என ஒட்சிசனேசு நொதியங்கள் இன்றும் இப்படித்தான் பகுக்கப்படுகின்றன. நாம் விழுங்கும் மாத்திரைகள் பலவற்றைக் கல்லீரலில் மாற்றியமைக்கும் பி450 நொதியங்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஹயாஷி 2015இல் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவேயில்லை.

களப்புக்குத் திரும்புவோம். ஒரு கற்றெக்கோல் வளையம் திறக்க ஒரு ஒட்சிசன் மூலக்கூறு முழுதாகச் செலவாகிறது. நமது வெப்பத்தில் ஒரு லீற்றர் களப்பு நீர் கரைத்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் ஏறத்தாழ 7 மில்லிகிராம்; ஒரு லீற்றர் காற்றில் இருப்பதோ 270 மில்லிகிராம் அளவு. அந்த 7 மில்லிகிராமும் தீர்ந்தால் திறப்பது 24 மில்லிகிராம் கற்றெக்கோலின் வளையங்கள் மாத்திரம். திறந்ததை முற்றாக எரித்து முடிப்பதென்றால் கற்றெக்கோலின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஒட்சிசன் வேண்டும். பற்றீரியாவும் மீனும் கைநீட்டுவது ஒரே பானைக்குள். கழிவு மிகும்போது பானை வெறுமையாகிறது. விடியற்புறத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதன் பொருள் தோணிக்காரருக்கு விளங்கும். அந்த வேளையில் களப்பைத் துப்புரவாக்க வேண்டிய நொதியமும் வேலையற்று நிற்கிறது. அதற்கும் ஒட்சிசன்தான் கருவி.

கடதாசியை வெளுக்கும் குளோரின் இன்னொரு சங்கடம். ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவையும் குளோரினையும் பரந்தன் ஆலை செய்தது. வடக்கின் உப்பையும் கிழக்கின் வைக்கோலையும் இணைத்துச் சுதேசக் கைத்தொழில் வளரும் என்ற கனவு அழகானதுதான். ஆயினும் குளோரின் அணு ஏறிய வளையத்தைப் பற்றீரியாக்களின் வழமையான நொதியம் எளிதிற் பிளப்பதில்லை.

பரந்தன் ஆலை போரில் அழிந்தது. வாழைச்சேனை ஆலை தளர்ந்து, ஓய்ந்து, நெடுங்காலம் மூடிக் கிடந்தது. பின்னர் கழிவுக் கடதாசியைக் கொண்டு அதனை மீள இயக்க முயற்சிகள் நடந்தன. பழைய கடதாசியைக் கூழாக்குவதில் வைக்கோல் அவிப்பதைப் போல் கறுப்பு நீர் பெருகுவதில்லை. முன்பு வடிந்தது வேறு கணக்கு. களப்புச் சேற்றில் சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இருப்பதில்லை. அங்கே புதைந்த வளையங்களை ஒட்சிசனேசு தொடுவதில்லை. ஒட்சிசனின்றி வாழும் வேறு பற்றீரியாக்கள், வேறு வழியில், மிக மெதுவாகவே அவற்றைத் தின்கின்றன.